ஏழாவது மாடியின் நடு அடுப்பு

1

நான் கோலாலம்பூரில் வந்திறங்கிய மாதம் திரும்பி வரும்போதெல்லாம் ஊரில் இருக்கிற வாசகர்களான உங்களுக்கு இந்தப் பத்திரிகையில் எதையாவது எழுதுவது வழக்கம். ஒரு வருடம் இங்கே பெய்கிற மழையைப் பற்றி எழுதினேன். இன்னொரு வருடம் டுரியான் பழத்தைப் பற்றி எழுதி, அந்த நாற்றத்தையா காசு கொடுத்து வாங்கித் தின்கிறாய் என்று உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்த வருடமும் சிரிக்கிற மாதிரி ஏதாவது எழுதலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. கோபமாக இருக்கிறேன். ஒரு கேஸ் அடுப்பைப் பற்றி எழுதப் போகிறேன். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

நாங்கள் இருப்பது பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். ஏழாவது மாடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு திறந்தவெளி உண்டு. நீச்சல்குளம், ஊஞ்சல், நாலைந்து கல்மேசைகள், அவற்றை ஒட்டி வரிசையாக மூன்று பார்பிகியூ அடுப்புகள். கரி அடுப்பு இல்லை, கேஸ். எவர்சில்வர் தகடு போட்ட மேடை, அடியில் நெருப்பு. இந்த மூன்றையும் காட்டித்தான் எங்களுக்கு வீட்டையே விற்றார்கள். எதிரே இருக்கிற தூணில் அடுப்புக்கு ஒன்றாக மூன்று பட்டன்கள் இருக்கும். அமுக்கினால் நீல விளக்கு எரியும், கேஸ் வரும். கொஞ்ச நேரம் போனதும் தானாக நின்றுவிடும். யாராவது பற்றவைத்துவிட்டு மறந்துபோய்க் கட்டடத்தைக் கொளுத்திவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

ஆனால் பட்டனை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவில்லை, தூணில் வைத்தார்கள். எந்த மகராசன் வரைந்த படமோ தெரியாது. கையில் மசாலாவும் இடுக்கியுமாக நிற்கிறவன் தூணுக்கு ஓடிப்போய் அமுக்கிவிட்டு வருவதற்குள் மீன் ஒட்டிக்கொள்ளும். அதனால் இங்கே ஒரு பழக்கம் வந்துவிட்டது. நெருப்பு நின்றதும் சமைக்கிறவர் "கேஸ் போச்சு!" என்று கத்துவார். தூணுக்குப் பக்கத்தில் யார் போகிறார்களோ அவர்கள் அமுக்கிவிட்டுப் போவார்கள். நீச்சலுடையில் ஈரம் சொட்டப் போகிற பிள்ளையும் அமுக்கும், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற சீனப் பெரியவர் லிம்மும் அமுக்குவார். யார் அடுப்பு, யார் வீட்டுச் சமையல் என்றெல்லாம் கிடையாது. சீனர்களும் மலாய்க்காரர்களும்கூட இந்த மாடியில் "கேஸ் போச்சு" என்றுதான் கத்துவார்கள். கத்தக் கற்றுக்கொடுத்தவர் மணி அண்ணன்.

2

மணி அண்ணனை உங்களுக்கு நான் இதுவரை அறிமுகப்படுத்தவில்லை. பந்திங் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர். கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டினார். எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. குடி வந்த அன்று நான் மூட்டை முடிச்சோடு திணறிக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "தம்பி, ஊர்லேருந்தா? சாப்டாச்சா?" என்றார். இரண்டு கேள்விக்கும் பதிலுக்குக் காத்திராமல் ஒரு தட்டை நீட்டினார். நான் எந்த ஊர் என்பதை அதற்குப் பிறகும் அவர் தோண்டிக் கேட்டதே இல்லை. அவருக்கு 'ஊர்' என்றால் அந்தக் கடலுக்கு அப்பால் இருக்கிற மொத்தமும் ஒரே ஊர்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் நடு அடுப்பு அவருடையது. திருக்கை மீனுக்கு சம்பால் மிளகாய் விழுதைப் பூசி, வாழையிலையில் வைத்துச் சுடுவார். வாசனை பன்னிரண்டாவது மாடி வரைக்கும் போகும். பாதி வேகும்போதே ஒரு ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார். அவருடைய மனைவி லெட்சுமி அக்கா, "வேகட்டும் லா, அதுக்குள்ள என்னா அவசரம் ஒங்களுக்கு?" என்று இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு திட்டுவார். லெட்சுமி அக்கா ஒரு பள்ளிக்கூடக் கண்டீனில் சமைக்கிறவர். அந்தத் திட்டையும் சேர்த்துத்தான் எங்களுக்குச் சனிக்கிழமை.

மூன்று அடுப்புகளை யார் எப்படிப் பயன்படுத்துவது என்று இங்கே ஒரு பலகையும் இருந்ததில்லை. இடது அடுப்பில் முஸ்லிம் குடும்பங்கள் சமைப்பார்கள். பன்றி அங்கே ஏறாது. வலது அடுப்பு பெரும்பாலும் சீனர்களுக்கு. நடுவில் இருப்பது மற்ற எல்லோருக்கும். யாரும் கூட்டம் போட்டு முடிவு பண்ணவில்லை. அவரவர் பார்த்து, அவரவர் ஒதுங்கி, தானாக அமைந்தது. சைவம் சாப்பிடுகிறவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். ஒன்பதாவது மாடியில் ஓர் ஆன்டி சோளமும் காளானும் சுட வருவார். அவர் வருவது தெரிந்தால் மணி அண்ணன் தகட்டைச் சுரண்டி, எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்து, மேலே அலுமினியத் தாளை விரித்துக் கொடுப்பார். "ஆன்டி, இப்ப கோயில் மாதிரி இருக்கு, போடுங்க" என்பார். புரட்டாசி முழுக்க அவரே மீனைத் தொடமாட்டார். ஆகவே சைவத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நீங்கள் கடிதம் எழுதுவீர்கள்.

போன வருடம் மணி அண்ணன் செத்துப்போனார். மாரடைப்பு. லோரியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்தவர் எழவில்லை. அந்த நிலைமையிலும் இண்டிகேட்டரைப் போட்டிருந்தாராம்.

3

இந்த வருடம் ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது நடு அடுப்புக்கு மேலே புதுப் பலகை ஒன்று தொங்குவதைப் பார்த்தேன். பச்சை நிறம். ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதி, அவற்றுக்குக் கீழே தமிழிலும் எழுதியிருந்தது: 'சுத்த சைவம் மட்டும்.'

இந்தக் கட்டடத்தில் லிஃப்டில், குப்பை அறையில், நீச்சல்குளத்தில் எல்லாம் மலாயும் ஆங்கிலமும் சீனமும் உண்டு. தமிழிலும் எழுதுங்கள் என்று குடி வந்த நாள் முதலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மணி அண்ணனும் கேட்டார். இடமில்லை என்றார்கள். கடைசியில் இங்கே தமிழுக்குக் கிடைத்த முதல் பலகை, தமிழர்களில் பாதிப் பேரை ஓர் அடுப்பிலிருந்து விரட்டுகிற பலகை.

என் மகள் இனியா கூட நின்றுகொண்டிருந்தாள். பதினைந்து வயது. தமிழ் பேசுவாள், ஆனால் பாதி நேரம் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லி, கடைசியில் ஓர் 'அப்பா' போடுவாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. இதற்காக நான் அவளோடு போடாத சண்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அனுப்பினேன், நிறுத்திவிட்டாள். ஊருக்குக் கூட்டிப்போனால் இரண்டாவது நாளே எப்போது திரும்புவோம் என்பாள். நம்முடையது எதுவுமே அவளிடம் தங்கவில்லையே என்று உங்களிடமே எத்தனையோ முறை புலம்பியிருக்கிறேன்.

"அந்தத் தமிழ்ல என்னப்பா போட்டிருக்கு?" என்றாள்.

"மேல இங்கிலீஷ்ல இருக்கறதுதான்."

"Then why need Tamil?"



4

மறுநாள் நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருப்பவர் ஃபரா என்கிற மலாய்ப் பெண். பொறுமைசாலி. கொசு மருந்திலிருந்து விவாகரத்து வரைக்கும் எல்லாச் சண்டையும் அவர் மேசைக்குத்தான் வரும்.

"பலகையை யார் வைக்கச் சொன்னது?" என்று என் உடைந்த மலாயில் கேட்டேன்.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்கள்தானே கேட்டீர்கள்?"

"நானா?"

"ஓராங் இந்தியா." இந்தியர்கள். "கமிட்டியில் உங்கள் ஆள் மிஸ்டர் ரமேஷ் இருக்கிறாரே. இந்தியர்கள் எல்லோர் சார்பிலும் கேட்டார். முஸ்லிம்களுக்கு ஒன்று இருக்கிறது, சீனர்களுக்கு ஒன்று இருக்கிறது, எங்கள் மதத்துக்கும் ஒன்று வேண்டும் என்றார். நியாயம்தானே? கமிட்டி உடனே சரி என்றுவிட்டது."

நியாயம்தான். அவர் இடத்தில் இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு நாம் எல்லோரும் ஒன்று. அந்த ஒன்றுக்குள்ளே என்னவெல்லாம் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எல்லா இந்தியரும் சைவம் கிடையாது, இந்த மாடியில் இருக்கிற இந்தியர்களில் பெரும்பாலானோர் மீன் தின்கிறவர்கள் என்று சொன்னேன். "பிறகு ஏன் மிஸ்டர் ரமேஷ் அப்படிச் சொன்னார்?" என்று கேட்டார். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்தக் காரணத்துக்கு மலாயிலும் வார்த்தை இருக்கிறது, எனக்கும் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. ஒரு முக்காடு போட்ட சின்னப் பெண்ணிடம், குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் ஆட்களுக்குள் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள் என்ற கதையை விளக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியவன் நான் இல்லை. ஆனாலும் பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

"அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு எழுதிக் கொடுங்கள். அதற்குள் உங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்" என்றார் ஃபரா.

அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டேன். மணி அண்ணனின் வருஷப் படையல் முடிந்து வெகுநாள் கழித்து.

5

படையலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த நம் ஆட்கள் இறந்தவருக்குப் படைக்கும்போது மனதில் எதையும் ஒளித்துவைப்பதில்லை. அவருக்கு என்ன பிடிக்குமோ அதுதான் இலையில் வரும். கோழி பிடித்தால் கோழி, நண்டு பிடித்தால் நண்டு. கறுப்பு பீர் குடிக்கிறவராக இருந்தால் பாட்டிலைத் திறந்து இலைப் பக்கத்தில் வைப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், செத்தவனை ஏமாற்றாத மரியாதை இது என்று தோன்றியது.

லெட்சுமி அக்கா ஒரே ஒரு ஆசைதான் வைத்திருந்தார். நடு அடுப்பில் திருக்கை சுட்டு, அந்தக் கல்மேசையிலேயே இலை போட வேண்டும்.

"வீட்ல போட்டோ முன்னாடி வைக்கலாம், வைக்கலன்னு சொல்லல. ஆனா தம்பி, அவரு வீட்ல எங்க இருந்தாரு? லோரில இருந்தாரு, இல்லன்னா அந்த அடுப்பாண்ட நின்னாரு. வந்தா அங்கதான் லா தேடுவாரு."

அவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். பலகையைப் படித்துவிட்டார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "ஒங்க ஊரு ஆளுங்க ரொம்ப படிச்சவங்க இல்ல? அதான் எல்லாம் ரூல்ஸா செய்றாங்க" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார். குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இடது அடுப்பில் எப்போதும் சமைக்கிற சலினா என்கிற மலாய் அக்கா விஷயத்தைக் கேள்விப்பட்டு ஓடிவந்தார். மீன்தானே, எங்கள் அடுப்பில் சுடுங்கள், மணி எனக்கு எத்தனை மீன் கொடுத்திருக்கிறார் என்றார். லெட்சுமி அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்றார். கறுப்பு பீரும் வைத்துப் படைக்கப் போகிறேன், அது உங்கள் அடுப்புப் பக்கத்தில் வரக் கூடாது, மணி இருந்தால் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றார். இரண்டு பேரும் மலாயில் பேசிக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஒருத்தி கொடுக்கிறாள், இன்னொருத்தி கொடுக்கிறவளுக்கு இடைஞ்சல் வரக் கூடாதென்று மறுக்கிறாள். இதற்குக் கமிட்டி வேண்டியிருக்கவில்லை.

6

ரமேஷை லிஃப்டில் பிடித்தேன். நல்ல உயரம், நல்ல வேலை, எப்போதும் சிரித்த முகம். ஊரிலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வந்த வேகத்தில் 'ஊர்க் குடும்பங்கள்' என்று ஒரு வாட்சப் குழு தொடங்கி என்னையும் அதில் சேர்த்தார். அதில் காலை வணக்கம், நல்ல நேரம், ஆவக்காய் எங்கே கிடைக்கும் என்பதோடு, வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்களைப் பற்றி 'ஆள் எப்படி' என்கிற விசாரணையும் நடக்கும்.

"எல்லார் பேர்லயும் நீங்க எப்படிக் கேக்கலாம்?" என்றேன்.

"சார், கோவப்படாதீங்க. நம்ம ஃபேமிலிஸ் எல்லாம் ஃபீல் பண்றாங்க. பசங்களுக்குப் பனீர் சுடலாம்னு போனா மீன் நாத்தம். ஹைஜீன் மேட்டர் சார், வேற ஒண்ணும் இல்ல."

"சுத்தமா தேச்சுக் குடுத்தா?"

"தேச்சா போயிடுமா சார்?" என்று சிரித்தார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். லிஃப்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. "லோக்கல் ஆளுங்க வேற சார். எஸ்டேட்ல இருந்து வந்தவங்க. யாரு என்னன்னு ஒண்ணும் தெரியாது. பேசறது தமிழ்னாலும் நம்மள மாதிரி இல்ல, பாத்தீங்கல்ல?"

லெட்சுமி அக்கா புருஷனுக்கு வருஷப் படையல் வைக்கக் கேட்கிறார், ஒரே ஒரு சாயங்காலம் என்று சொன்னேன். பாவம் சார், வீட்டிலேயே வைக்கலாமே என்றார். இன்றைக்கு ஒருத்தருக்கு விட்டால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்றார். பேச்சை மாற்றுகிற மாதிரி, "கேக்கணும்னே இருந்தேன். சாருக்குத் திருமங்கலம்னு சொன்னாங்க. திருமங்கலத்துல எந்தப் பக்கம்?" என்றார்.

இந்தக் கேள்வி உங்களுக்குத் தெரியும். எனக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். இத்தனை வருடத்தில் மணி அண்ணன் கேட்காத கேள்வி இது.

"போஸ்டாபீஸ் பக்கம்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். என் மாடி வந்திருக்கவில்லை.

போஸ்டாபீஸ் பக்கம் என்றது பொய் இல்லை. என் அப்பா தபால்காரர். காக்கிச் சட்டையைத் தினமும் அவரே இஸ்திரி போட்டுப் போவார். விடுமுறையில் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து நானும் போவேன். சில தெருக்களில் வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து, அப்பா கடிதத்தோடு படியேறுவதைப் பார்த்ததும் சட்டென்று ஓரடி பின்னால் வைப்பார்கள். "படியில வெச்சுட்டுப் போ" என்பார்கள். மணியார்டர் கையெழுத்துக்கு மட்டும் பேனாவையும் படியிலேயே வைக்க வேண்டும். அரசாங்கச் சட்டை போட்ட மனிதர், அரசாங்கத் தபாலை, குனிந்து படியில் வைத்துவிட்டு நிமிர்வார். அந்த ஓரடியை நான் மறந்ததே இல்லை. அதிலிருந்து தப்பிக்கத்தான் விமானம் ஏறினேன். வேலைக்காக வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வதெல்லாம் சும்மா.

7

படையல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது. அனுமதி இல்லாமல்தான். லெட்சுமி அக்காவுக்குத் தயக்கம் இருந்தது. ஏதாவது ஆனால் என் பெயரைச் சொல்லுங்கள், நான்தான் பற்றவைத்தேன் என்று சொல்லுங்கள் என்றேன். என் மனைவி சோறும் கூட்டும் வைத்துக் கொண்டுவந்தாள். இனியாவை வற்புறுத்தவில்லை. அவளாகவே வந்தாள். மணி அண்ணன்தான் அவளுக்கு இங்கே நீச்சல் கற்றுக்கொடுத்தவர்.

வாழையிலையை அக்கா காலை ரயிலில் கிள்ளானுக்குப் போய், லிட்டில் இந்தியா என்கிற நம் ஆட்களின் கடைத்தெருவில் வாங்கி வந்திருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் கிடைக்காதா என்றால், மணி அண்ணன் அங்கேதான் வாங்குவார் என்றார். கல்மேசையில் போட்டோ, விளக்கு, இலை, சோறு, பக்கத்தில் கறுப்பு பீர். நான் தகட்டைத் தேய்த்தேன், எலுமிச்சையும் உப்பும் போட்டு. பலகைக்குக் கீழே நின்று பற்றவைத்தேன்.

மீன் போட்டதும் வாசனை கிளம்பியது. ஒரு வருடமாக அந்த மாடியில் வராத வாசனை. லிம் தன் நாயோடு நின்று மேசையைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டு நடந்தார். கொஞ்ச நேரத்தில் ரமேஷ் வந்தார். கையில் போன். யாரோ குழுவில் போட்டிருக்க வேண்டும். தூணுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார். பலகை, அடுப்பு, மீன், நான் என்று வரிசையாக எடுத்தார். எடுக்கட்டும் என்று விட்டேன்.

மீன் பாதி வெந்திருக்கும். நெருப்பு நின்றது.

என் இரண்டு கையிலும் இலையோடு மீன். திருப்பிக்கொண்டிருந்தேன். வாய் தானாகக் கத்தியது. "கேஸ் போச்சு!"

ரமேஷுக்கும் பட்டனுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அவர் என்னைப் பார்த்தார். பட்டனைப் பார்த்தார். போனைப் பைக்குள் வைத்தார். அமுக்கவில்லை.

"தம்பி, அந்தப் பட்டன கொஞ்சம் அமுக்குங்க லா" என்றார் லெட்சுமி அக்கா.

"ஆன்டி, இது வெஜ் ஒன்லி. போர்டு பாக்கலயா?"

"பாத்தேன் தம்பி. இன்னிக்கு ஒரு நாளு. எம்புருஷனுக்குச் சோறு வைக்கணும்."

அவர் அசையவில்லை. அக்கா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு தானே தூணை நோக்கி நடந்தார். அந்த இடம் குறுகல். ஒரு பக்கம் தூண், இன்னொரு பக்கம் பூந்தொட்டி, நடுவில் ரமேஷ். அக்கா அவரை ஒட்டிக் கையை நீட்டினார்.

ரமேஷ் சட்டென்று ஓரடி பின்னால் வைத்தார். கைகள் இரண்டையும் மார்போடு சேர்த்துக்கொண்டு, முதுகு தொட்டியில் இடிக்க, அக்காவின் கை, அக்காவின் புடவை, எதுவும் தன்மேல் படாத மாதிரி.

அக்கா பட்டனை அமுக்கினார். நீல விளக்கு எரிந்தது. திரும்பி, தனக்காக ஒதுங்கி நின்ற அந்த மனிதரைப் பார்த்து மனதாரச் சிரித்தார்.

"தேங்க்யூ தம்பி" என்றார்.

8

மீனை முழுசாக வேகவைத்துத்தான் படைத்தோம். கற்பூரம் காட்டும்போது அக்கா அழுதார். பிறகு எல்லோருக்கும் இலை போட்டார். மீனின் ஓரத்தைப் பிய்த்து முதலில் தன் வாயில் போட்டுக்கொண்டு, "இவரு பழக்கம் எனக்கு வந்துருச்சு" என்று சிரித்தார். ரமேஷ் போய்விட்டிருந்தார்.

"அந்தத் தம்பி மோசமில்ல லா" என்றார் அக்கா, எனக்குச் சோறு வைத்துக்கொண்டே. "ரூல்ஸு, அமுக்க முடியல. ஆனாலும் எடம் விட்டாருல்ல? நம்மள ஒண்ணும் சொல்லலியே."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். எழுந்து போய் ரமேஷின் கதவைத் தட்டி, சட்டையைப் பிடிக்க வேண்டும் என்றிருந்தது. அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது: அக்கா, அவன் உங்களுக்கு வழிவிடவில்லை. அதன் பெயர் வேறு.

நீங்கள் எங்களை விமானம் ஏற்றும்போது என்னவெல்லாம் கட்டிக் கொடுக்கிறீர்கள்! பருப்புப் பொடி, மாவடு, வற்றல், பெரிய அப்பளக் கட்டு. எடை கூடிவிட்டதென்று விமான நிலையத்தில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து, ஊறுகாயை எடுத்து வெளியே வைக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். இதை மட்டும் யாரும் எடுத்து வெளியே வைப்பதில்லை. இதற்கு எடையே இல்லை போலிருக்கிறது.

லிஃப்டில் மேலே போகும்போது இனியா கேட்டாள்.

"அப்பா, அந்த அங்கிள் ஏன் jump பண்ணாரு?"

"எந்த அங்கிள்?" என்றேன். தெரிந்துதான் கேட்டேன்.

"பட்டன்கிட்ட. ஆன்டி கையில சூடா ஒண்ணும் இல்லையே. கரப்பான் பாத்த மாதிரி jump பண்ணாரு. நான் பாத்தேன்."

என் மகள், தமிழில் ஒரு பலகையைப் படிக்கத் தெரியாதவள், அதைப் பார்த்திருக்கிறாள். பார்த்திருக்கிறாள், ஆனால் என்னவென்று தெரியவில்லை. நம்முடையது ஒன்றுமே இவளிடம் தங்கவில்லையே என்று இத்தனை வருடம் புலம்பினேனே, இதுவும் தங்கவில்லை. அன்றைக்கு அந்த லிஃப்டில் நான் முதல் தடவையாக அதற்குச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு மாடி தாண்டுவதற்குள் போய்விட்டது. ஏனென்றால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வேண்டும் அவளுக்கு.

சொன்னேன். வீட்டுக்குள் போய் உட்காரவைத்து, தாத்தாவின் காக்கிச் சட்டையிலிருந்து ஆரம்பித்து, படியில் வைத்த கடிதத்தையும் பேனாவையும் சொன்னேன். தமிழிலேயே சொன்னேன். அவளும் இடையில் ஒரு வார்த்தைகூட ஆங்கிலத்தில் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். என் மகளுக்கு நான் சொன்ன, அவள் கடைசி வரைக்கும் கேட்ட ஒரே ஊர்க்கதை இதுதான்.

"லெட்சுமி ஆன்டிக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது. இடம் விட்டாருன்னு நெனைக்கிறாங்க."

"சொல்லாதீங்கப்பா" என்றாள் இனியா. "அவங்க தேங்க்யூ சொல்லிட்டாங்க. இப்பப் போய்ச் சொன்னா அவங்களுக்கு அசிங்கமா இருக்கும்."

அதனால் அக்காவிடம் சொல்லவில்லை. நேற்றுகூட அவர் லிஃப்டில் ரமேஷைப் பார்த்து, "சாப்டாச்சா தம்பி?" என்று கேட்டார். நான் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எங்கேயாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். உங்களிடம் சொல்கிறேன். அந்த ஓரடி என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.